முன் பிறேக்கைப் பிடியாதை எண்டு சொன்ன ஆக்களுக்கு

"முன் பிறேக்கைப் பிடியாதை, தூக்கி எறிஞ்சு போடும்." எங்கட ஊரில மோட்டார் சைக்கிள் பழகின முக்கால்வாசிப் பேருக்கு முதல்நாள் கிடைச்ச உபதேசம் இதுதான். அப்பா சொல்லுவார், மாமா சொல்லுவார், பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுவார். நாங்களும் அதை நம்பி வருசக்கணக்கா பின் பிறேக்கை மட்டும் மிதிச்சு ஓடுவம். பிறகு ஒருநாள் முன் கலிப்பர் இறுகிப்போச்சு எண்டு வண்டியைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போவம். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கு.

முதல்ல அந்த உபதேசத்தைப் பார்ப்பம். பிறேக் பிடிக்கேக்க வண்டியின்ர பாரம் முன்னுக்குப் போகுது. முன் சில்லு றோட்டில அழுந்துது, பின் சில்லு இலேசாகுது. இலேசான சில்லை எவ்வளவு மிதிச்சாலும் அது பூட்டுப்பட்டு இழுபடுமே தவிர, வண்டியை நேரத்துக்கு நிப்பாட்டாது. நிப்பாட்டுற வேலையில பெரும்பங்கு முன் பிறேக்கின்ரதான். அதனாலதான் கன வண்டிகளில டிஸ்க் முன்னுக்கும் ட்றம் பின்னுக்கும் வருது. மணலில, வளைவில, பதறிப்போய் ஒரேயடியா அமத்தினால் முன் சில்லு பூட்டுப்பட்டு விழுத்தும் எண்டது உண்மை. அதுக்கு மருந்து, நேர் றோட்டில மெதுமெதுவா இறுக்கிப் பழகிறது. பிடிக்காமலே விடுறது மருந்தில்லை.

இனிக் கலிப்பர். எங்கட றோட்டுகளில ஓடுற 100, 150 சிசி வண்டிகளில பெரும்பாலும் இருக்கிறது இரண்டு ஊசியில முன்பின் வழுக்கிற வகை. பிஸ்டன் ஒரு பக்கத்தில மட்டும்தான். லீவரை அமத்த, பிறேக் ஒயில் பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு பாட்டை டிஸ்க்கில அமத்தும். அந்த எதிர்த்தள்ளலில முழுக் கலிப்பரும் ஊசியில வழுக்கி, மற்றப் பாட்டையும் டிஸ்க்குக்குக் கொண்டுவரும். கையை எடுத்தால் பிஸ்டனைத் திருப்பி இழுக்க உள்ளுக்கு ஸ்பிறிங் ஒண்டும் இல்லை. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற சதுர விளிம்பு றப்பர் சீல், முறுகினது நிமிரேக்க, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு எடுக்கும். அவ்வளவுதான்.

ஆகவே இறுகிறதுக்கு இரண்டு இடம்: ஊசி, பிஸ்டன். பண்ணைப் பாலத்தால தீவுக்குப் போய்வாற வண்டிக்கு உப்புக்காத்து, வன்னியில கிரவல் புழுதி. பிறேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுறது அதுக்குத்தான். இதுக்கு மேல முன் பிறேக்கைப் பிடிக்கவும் மாட்டம் எண்டால், அசையாத ஊசியில துரு ஏறாமல் என்ன செய்யும்? 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது, 2025இலதான் திருப்பித் திறந்தது. இந்த ஐந்து வருசமும் பழைய வண்டியோடதான் காலம் தள்ளினம். பழைய வண்டிக்குப் பராமரிப்புக் கூட வேணும். நாங்கள் கூட்டினது ஒட்டுவேலையை.

ஒட்டுவேலை எண்டு நான் சொல்லுறது இதுகளைத்தான்: கலிப்பருக்குச் சுத்தியலால இரண்டு தட்டு, டிஸ்க்கில படுறமாதிரி ஒயில் ஸ்பிறே, ஊசிக்குச் சாதாரணக் கிறீஸ். ஒயில் பட்ட பாட் பிடியாது. சாதாரணக் கிறீஸ் பிறேக் றப்பரை ஊத வைக்கும், பிறகு முந்தியைவிட மோசமா இறுகும். எல்லாத்தையும்விட மோசம், "பின் பிறேக் இருக்குத்தானே, அதில ஓடுங்கோ" எண்டு முன்னதைக் கழட்டி விடுறது. ஒரு கராஜில எனக்கே அப்பிடிச் சொன்னவை. ஏதோ உதவி செய்யிற குரலில.

ஆனால் என்ர கோபம் கராஜ்காரர்மேல மட்டும் இல்லை. "ஒழுங்காப் படி, இல்லாட்டிக் கராஜில விட்டிடுவன்" எண்டு வெருட்டி வளர்த்த சமூகம் இது. கராஜைத் தண்டனை இடமாக்கி வைச்சிட்டு, அங்க தண்டனைக்குப் போன பதினாறு வயசுப் பொடியன்ர கையில எங்கட உயிரைக் குடுக்கிறம். அவனுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்தவையும் இல்லை. அவன் செய்தது சரியோ பிழையோ எண்டு கேக்க எங்களுக்குத் தெரியவும் இல்லை. கையில கிறீஸ் பட்டால் மரியாதை போயிடும் எண்டு நினைக்கிற பட்டதாரிக்கு அவனில பிழை பிடிக்க என்ன தகுதி?

"கலைப்பீடத்தில படிக்கிற உனக்கு ஏன் இந்த வேலை" எண்டு கேக்கினம். அதிகாரம், உழைப்பு எண்டு கட்டுரை எழுதுற ஆக்களுக்குத் தங்கட சில்லு ஏன் சுத்தேல்லை எண்டு தெரியாதது பெருமையோ? பெட்டையள் சாவி தூக்கினால் சிரிக்கிறவைக்கும் இதே கேள்விதான்.

தெரிஞ்சுகொள்ளுறது கஷ்டமில்லை. நடு ஸ்ராண்ட் போட்டு, ஒராள் பின்னுக்கு அமத்த, முன் சில்லைச் சுத்துங்கோ. லேசா உரசலாம்; உடன நிண்டால் பிழை. அப்ப காத்து எடுக்கிற நிப்பிளில றப்பர் குழாய் மாட்டிக் கொஞ்சம் இளக்குங்கோ. சில்லு விடுபட்டால் கோளாறு மேல, மாஸ்டர் சிலிண்டரில அல்லது ஹோஸில. விடுபடாட்டிக் கலிப்பரில.

கலிப்பரின்ர இரண்டு போல்ற்றையும் கழட்டி, ஹோஸில தொங்க விடாமல் கம்பியால கட்டி வையுங்கோ. ஊசியை உருவித் துருவை எடுத்து, பிறேக்குக்கு எண்டு விக்கிற சிலிக்கோன் கிறீஸைப் பூசுங்கோ. கிழிஞ்ச றப்பர் உறையை மாத்துங்கோ. பிஸ்டன் இறுகியிருந்தால் லீவரை மெல்ல மெல்ல அமத்த, ஒயிலின்ர அழுத்தமே அதை வெளியில கொண்டுவரும், சுத்தியல் தேவையில்லை. பிஸ்டனில குழி விழுந்திருந்தால் புதுசு வேணும். சீல் எப்பிடியும் புதுசுதான். முழுக் கலிப்பரோட பார்த்தால் சீல் கிட் மலிவு. றப்பரைப் பெற்றோலிலயோ டீசலிலயோ கழுவாதேங்கோ. ஒயில் மூடியில எழுதியிருக்கிற டொட் 3 அல்லது டொட் 4ஐ விட்டு, காத்தை முழுக்க எடுத்து, லீவர் கல்லு மாதிரி நிக்குமட்டும் அமத்திப்போட்டு, ஒழுங்கைக்குள்ள மெதுவா ஓடிப் பாருங்கோ.

எல்லாரும் இதைத் தாங்களே செய்யவேணும் எண்டு நான் சொல்லேல்லை. கை நடுங்கினால் நல்ல மெக்கானிக்கிட்டக் குடுங்கோ. ஆனால் பக்கத்தில நிண்டு பாருங்கோ. "அண்ணை, என்ன கிறீஸ் போடுறியள்? சீல் மாத்தினீங்களோ?" எண்டு கேளுங்கோ. நல்ல வேலைகாரன் அந்தக் கேள்விக்குச் சந்தோசப்படுவான். அவனுக்கு நாங்கள் குடுக்கக்கூடிய மரியாதையும் அதுதான். கோவிக்கிறவனிட்டையிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ, தள்ளிக்கொண்டெண்டாலும்.