வங்கியைக் கேட்காத காசு

பலெர்மோவில் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் தண்ணீர்த் தாங்கிகள்தான் வரிசையாக நிற்கும். குழாயை நம்ப ஏலாது. 2024 ஒக்டோபரில் வறட்சியால் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள்.

என் சித்தியின் மகனுக்கு 2019-இலேயே இதில் ஒரு யோசனை வந்தது. தாங்கியில் மலிவான சென்சர் பூட்டினால் எவ்வளவு தண்ணீர் இருக்கு, எங்கே ஒழுகுது என்று போனிலேயே பார்க்கலாம். "அக்கா, புரோகிராமை நீங்கள் எழுதித் தாங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றான். எங்கட மாடியில் ஒன்று பூட்டிப் பார்த்தோம். நல்லா ஓடியது.

காசுக்கு 'ரெஸ்தோ அல் சுத்' இருந்தது. 'தெற்கிலேயே இருக்கிறேன்' என்று அர்த்தம். சிசிலி போன்ற தென்பகுதிகளில் தொழில் தொடங்குபவர்களுக்காக அரச நிறுவனமான இன்விதாலியா நடத்திய திட்டம். ஆளுக்கு 50,000 யூரோ வரை. அப்போது அதில் 35 சதவீதம் மானியம், 65 சதவீதம் வங்கிக் கடன். வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். கடனில் 80 சதவீதத்துக்கு அரச உத்தரவாதமும் உண்டு. குடியுரிமை இல்லாதவர் என்று யாரையும் தள்ளவில்லை.

ஆனால் கடன் தருவதா என்று முடிவெடுப்பது வங்கி. நாங்கள் போன வங்கியில் குடும்ப வருமானத்தைக் கேட்டார்கள். சித்தப்பா கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் வீடுகளில் வேலை செய்கிறார். ஒப்பந்தத்தில் இருப்பது 16 மணித்தியாலம். மிச்சத்துக்குக் கையில்தான் காசு. கடன் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சித்தப்பா ஒன்றுமே கதைக்கவில்லை. தன்னால்தான் என்று நினைத்திருப்பார்.

இப்போது நிலைமை மாறியிருக்கு. 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'ரெஸ்தோ அல் சுத் 2.0' வந்து, 2025 ஒக்டோபரில் விண்ணப்பம் தொடங்கியது. 35 வயதுக்கு உட்பட்ட, வேலையில்லாத அல்லது மிகக் குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு 40,000 யூரோ வரை வவுச்சர். புதுத் தொழில்நுட்பமோ, சூழலைக் காக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளோ வாங்கினால் 50,000 வரை. வவுச்சர் முழுக்க மானியம். வங்கிக் கடன் அதில் இல்லை.

'எல்லாரும் வரலாம்' என்று முதல் திட்டமும்தான் சொன்னது. இடையில் நின்ற வங்கியை எடுத்த பிறகுதான் சித்தப்பா வீடு போன்ற வீடுகளுக்கு அது உண்மையானது. காலநிலைத் தொழில்களுக்குக் காசு ஒதுக்கும் எந்த அரசிடமும் நான் கேட்பது இதைத்தான்: காசு கைக்கு வருமுன் எந்தத் தாளைக் கேட்கிறீர்கள், அது யாரிடம் இருக்காது என்று பாருங்கள்.

தம்பிக்கு இப்போது 36. வயது எல்லை தாண்டிவிட்டது. அவனுடைய தங்கைக்கு 27. அந்தச் சென்சர் இவ்வளவு நாளும் எங்கட மாடியில்தான் கிடந்தது. அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

உங்கட பிள்ளைகள் பெரியாட்களாக இருந்தால் இதைச் சொல்லுங்கோ. விண்ணப்பம் இணையத்தில்தான், 'ஸ்பித்' எனும் டிஜிட்டல் அடையாளத்தை இப்பவே எடுத்து வைக்கட்டும். உங்கட அப்பா, அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார்கள் என்றால், ஒப்பந்தத்தில் எத்தனை மணித்தியாலம் எழுதியிருக்கு என்று ஒருக்கால் பாருங்கோ. கையில் வாங்கும் காசு பென்ஷனிலும் சேராது, வங்கியிலும் நிற்காது.