ஏறு தழுவக் காண்போர்

தைத்திங்கள் முதல் நாள் அவனியாபுரம். இரண்டாம் நாள் பாலமேடு. மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் ஒருவரிடம் பொங்கல் திருநாளைப் பற்றி வினவினால், பானையும் கரும்பும் நினைவுக்கு வருமுன் இம்மூன்று ஊர்ப் பெயர்களே அவர் நாவில் முந்தி நிற்கும். வைகைக் கரை நிலங்களில் நெல் அறுவடையாகி, களமும் மனமும் நிறைந்திருக்கும் காலம் அது. விடியுமுன்னரே வண்டிகளிலும் கால்நடையாகவும் மக்கள் புறப்படுவர். பாலமேட்டிலே மஞ்சமலை ஆற்றுத் திடலிலும், அலங்காநல்லூரிலே முனியாண்டி கோயிலை அடுத்த வாடிவாசலிலும் கதிரவன் எழுமுன் இடம் பிடித்துவிடுவர். மாடியிலும் மதில்மேலும் மரக்கிளையிலும் தலைகளே தோன்றும்.

ஏறு தழுவும் வீரரைப் பற்றி எழுதினோர் பலர். காளையைப் பற்றிப் பாடினோரும் பலர். ஆயின், அங்கே திரண்டு நிற்கும் காண்போரைப் பற்றி எண்ணிப் பார்த்தோர் சிலரே. அவர்கள் வெறுங்கூட்டம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையுடையது. இவ்விளையாட்டைக் காத்ததும் காண்போரே. இதற்குக் கேடு வருமாயின் அதில் பெரும்பங்கு அவரிடமிருந்தே வருதலும் கூடும்.

பழந்தமிழ் நூல்களுள் ஏறு தழுவுதலை விரித்துரைப்பது கலித்தொகையின் முல்லைக்கலி. சோழன் நல்லுருத்திரன் பாடிய அப்பாடல்களில் ஒரு நுட்பம் உண்டு. காளையோடு போர் புரியும் ஆயர் குலத்து இளைஞன் தன் வீரத்தைத் தானே கூறுவதில்லை. களத்தைக் கண்டு நிற்கும் தோழி, தலைவிக்கு அதனைச் சுட்டிச் சுட்டிக் காட்டுகிறாள். இன்ன காளை இன்ன நிறத்தது, அதன் நெற்றியிலே இன்ன சுட்டி, அதன் கொம்பு இவ்வாறு வளைந்தது என்று ஒவ்வொன்றையும் வேறு வேறாக அறிந்து உரைக்கிறாள். இளைஞன் ஒருவன் காளையின் கொம்பிலே வீழ்ந்து குருதி சொரிவதையும் மறைக்கவில்லை. மற்றொருவன் அதனை அடக்கிய பெருமிதத்தையும் மறைக்கவில்லை. எனவே, தமிழகத்தில் இவ்விளையாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்த தொன்மையான விரிவான சான்று, தேர்ந்த சுவைஞர் ஒருவரின் கண்வழியாகவே கிடைத்திருக்கிறது.

அத்தோழியின் வழித்தோன்றல்களை இன்றும் அலங்காநல்லூரில் காணலாம். வாடிவாசலுக்கு எதிரே அமர்ந்திருக்கும் முதிய உழவர் ஒருவரை நோக்குங்கள். முதலில் வருவது கோயில் காளை. அதனை எவரும் தொடுவதில்லை, வணங்கி வழிவிடுவர். அதன்பின் உழவர் காளைகள் ஒவ்வொன்றாக வரும். அண்மை ஆண்டுகளில் ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் காளைகள் வருகின்றன. முதியவர் அவற்றைத் தலை தெரிந்த அளவிலேயே இனம் காண்பார். கட்டான குறுகிய உடலுடைய புலிக்குளம் மாடு எது, கொங்கு நாட்டிலிருந்து வந்த காங்கேயம் எது என்பதை அவருக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. வாடிவாசலைக் கடந்தவுடன் அம்பு போல ஓடி மறையும் காளை ஒரு வகை. களத்தின் நடுவே நின்று, மண்ணைக் கிளறி, ஆளை அழைத்து விளையாடும் காளை மற்றொரு வகை. பின்னது வந்துவிட்டால் முதியவர் எழுந்து நிற்பார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்துவிடும்.

விளையாட்டின் முறை எளியது. வீரன் காளையின் திமிலை மட்டுமே பற்றலாம். கொம்பைப் பிடித்தலும் வாலை இழுத்தலும் கூடா. குறித்த எல்லை வரையேனும், காளை மும்முறை துள்ளும் வரையேனும் திமிலை விடாதிருந்தால் வீரன் வென்றான்; உதறப்பட்டால் காளை வென்றது. ஒரு காளையை இருவர் சேர்ந்து பிடித்தால் அது வெற்றியாகாது. இம்முறையை அறிந்தவனுக்கே இவ்விளையாட்டு இன்பம் தரும். அறியாதவன் ஆள் வீழ்ந்தால் கூவுவான், காளை வீழ்ந்தாலும் கூவுவான். எதற்குக் கூவினோம் என்பது அவனுக்கே தெரியாது.

மேனாட்டு விளையாட்டுகளிலும் ஆளை ஆள் தழுவி வீழ்த்துவது உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் நெசவாலைத் தொழிலாளரும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் போற்றி வளர்த்த ரக்பி லீக் அத்தகையது. விளையாடச் செல்லும் தொழிலாளி அன்றைய கூலியை இழக்கிறானே, அதற்கு ஈடு தரவேண்டாவா என்ற வழக்கில், 1895ஆம் ஆண்டு ஹடர்ஸ்பீல்டு நகரில் கூடி இருபதுக்கு மேற்பட்ட கழகங்கள் பழைய சங்கத்தினின்றும் பிரிந்து இதனைத் தோற்றுவித்தன. பதின்மூவர் கொண்ட அணியாக ஆடுவர். 1954ஆம் ஆண்டு பிராட்போர்டு நகரின் ஆட்சல் திடலில், வாரிங்டன் அணியும் ஹாலிபாக்சு அணியும் மோதிய இறுதி மறு ஆட்டத்தைக் காண 1,02,569 பேர் திரண்டனர் என்பது கணக்கு. அவ்வூரார் தம் ஊர் அணியின்பால் கொண்ட பற்று வியப்புக்குரியது. அணி ஆண்டாண்டாகத் தோற்பினும், மழையும் குளிரும் வருத்தினும், தந்தையும் மகனும் அதே நிறக் கழுத்துத் துணியை அணிந்து அதே இடத்தில் வந்து நிற்பர்.

அப்பற்றுக்கும் மதுரை நாட்டுப் பற்றுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ரக்பி காண்போன் ஓர் அணிக்கு உரியவன். எதிரணி வென்றால் அவன் உள்ளம் வாடும். ஏறு தழுவக் காண்போனுக்கோ அணி இல்லை. தன் ஊர்க் காளை மீது அவனுக்கு அன்பு உண்டு. தன் ஊர் இளைஞன் மீதும் அன்பு உண்டு. இரண்டும் எதிர் எதிரே நின்றால் அவன் என் செய்வான்? நன்றாக ஆடியது எதுவோ அதனைப் போற்றுவான். பிடிபடாத காளைக்கும் பரிசு, பிடித்த வீரனுக்கும் பரிசு என்று வாடிவாசலில் அறிவிப்பது இவ்வுள்ளத்திற்குப் பொருந்திய முறையே. ஒரு பக்கம் சாய்ந்து வெறுப்பை வளர்க்கும் பற்றினும் இப்பற்று ஒரு படி மேலானது என்றே கூற வேண்டும்.

எனினும், அலங்காநல்லூரில் கூடுவோர் அனைவரும் அம்முதியவரைப் போன்றவர் அல்லர். சி. சு. செல்லப்பா எழுதிய ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலில் இரு வகைக் காண்போரையும் ஒருங்கே காணலாம். ஒருவர், வாடிவாசல் ஓரத்தில் நின்று மாடுகளின் குணமறிந்து இளைஞருக்கு எடுத்துரைக்கும் கிழவர். மற்றொருவர் மேடைமீது அமர்ந்து நோக்கும் சமீன்தார். கிழவருக்குக் காளை ஓர் உயிர். சமீன்தாருக்கு அது தம் பெருமை. காளை பிடிபட்டதும் தம் பெருமை பிடிபட்டதாக எண்ணி, இறுதியில் அதனைத் தம் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார். சமீன்தார்கள் மறைந்துவிட்டனர், அவ்வுள்ளம் மறைந்ததா என்பதே ஐயம். இக்காலத்தில் காரும் டிராக்டரும் பரிசாக வருகின்றன. முற்காலத்தில் கொம்பில் கட்டிய துணியும் அதில் முடிந்த சல்லிக்காசுமே பரிசு. சல்லிக்கட்டு என்னும் பெயரும் அதனால் வந்தது என்பர். காரைப் பற்றிய பேச்சுக் காளையைப் பற்றிய பேச்சினும் மிகுதியாக ஒலிக்கும் ஆண்டுகளில், கிழவரின் குரல் கூட்டத்தில் அமிழ்ந்துபோகிறது.

இனி, வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் மறைத்தல் கூடாது. களத்தில் மாள்வோர் அனைவரும் வீரர் அல்லர். காண வந்தோரும் அவருள் உளர். களத்தைக் கடந்து வெளியே ஓடும் காளைகளை உரியவர் பிடிக்கும் இடத்தில், வேலி இல்லாத வழியோரத்தில், அருகில் நின்று காணும் ஆவலால் உயிர் இழந்தோர் உண்டு. 2006ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவ்விளையாட்டைத் தடை செய்தது. காட்சி காணச் சென்று மாண்ட இளைஞன் ஒருவனின் தந்தையும் அவ்வழக்கில் முறையிட்டிருந்தார். அத்தடை பின்னர் நீங்கி, 2009இல் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தடை விதித்தது. வாலை முறுக்குதல், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுதல் முதலிய கொடுமைகள் நடப்பதாக அந்நீதிமன்றத்தின் முன் எடுத்துக் கூறப்பட்டது. ‘எங்கள் ஊரில் அவ்வாறு இல்லை’ என்று பலர் சினந்தனர். சினந்தவருள் எத்தனை பேர், எவனோ ஒருவன் வாலை முறுக்கக் கண்டபோது ‘விடு’ என்று குரல் எழுப்பினர்? கண்டும் வாளா இருந்தவன் அக்கொடுமையில் பங்குடையவனே.

அதன்பின் நிகழ்ந்தது நாடறிந்தது. 2017ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அலங்காநல்லூரில் தொடங்கிய கிளர்ச்சி, மதுரைத் தமுக்கம் திடலிலும் சென்னை மெரினாக் கடற்கரையிலும் பரவியது. அங்கே இரவும் பகலும் அமர்ந்திருந்த மாணவருள் காளையின் திமிலைத் தொட்டவர் எத்தனை பேர்? நூற்றுக்கு ஒருவரும் இரார். அவர்கள் காண்போர்; பலர் திரையில் மட்டுமே கண்டவர். இறுதி நாளன்று சென்னையில் கலவரம் மூண்டது உண்மையே. அதற்கு முன் பல நாள் வரை அக்கூட்டம் குப்பையைத் தானே அகற்றியது. நோயாளர் ஊர்திக்கு நொடியில் வழிவிட்டது. அவசரச் சட்டம் பிறந்தவுடனே வாடிவாசலைத் திறக்க அலங்காநல்லூரார் உடன்படவில்லை. நிலையான சட்டம் வேண்டுமென்று பொறுத்திருந்தனர். சட்டம் நிறைவேறிய பின்னர், பிப்ரவரி 10ஆம் நாளே அவ்வூரில் காளைகள் களம் புகுந்தன. தமிழ்நாட்டின் அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் தீர்ப்பளித்தது.

அத்தனை நாள் கடற்கரையில் ஒழுங்காக அமர்ந்த மக்களுக்கு, ஒரு நாள் வேலிக்குப் பின் அமர்ந்திருத்தல் அரிதா? இப்போது களத்திலே தென்னை நார்த் தூளைப் பரப்புகின்றனர். இரட்டைத் தடுப்பு அமைக்கின்றனர். காளையையும் வீரனையும் மருத்துவர் ஆய்ந்த பின்னரே உள்ளே விடுகின்றனர். இவையெல்லாம் இருந்தும், தடுப்பின் மேலேறிக் காலைத் தொங்கவிடும் இளைஞனைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முழுதும் இயலாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவன் கையைப் பற்றி இறக்கினாலன்றி வேறு வழியில்லை. பெருந்தொற்றுப் பரவிய 2022ஆம் ஆண்டில் நூற்றைம்பது பேருக்கு மேற்படாத காண்போரோடு விளையாட்டு நடத்தல் வேண்டுமென்று அரசு ஆணையிட்டது. காளைகளும் வீரரும் குறைவின்றி வந்தனர். ஆயினும் அவ்வாண்டுப் பொங்கல் பொங்கலாக இல்லை என்று ஊரார் பேசிக்கொண்டனர். கூட்டம் இருந்தால் அச்சம், இல்லாவிட்டால் வெறுமை.

2024ஆம் ஆண்டு சனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், கலைஞர் நூற்றாண்டு ஏறு தழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. வரிசையான இருக்கைகளும் உறுதியான தடுப்பும் அங்கே உண்டு. கோயிலையும் தெருவையும் விட்டு விளையாட்டு அரங்கத்திற்குள் செல்லுதல் தகுமா எனச் சிலர் கேட்கின்றனர். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தெருவிலே பிறந்த விளையாட்டிற்குத் தெருவின் மணம் வேண்டும். ஆனால், பிள்ளையை இழந்த தாய்க்கு அம்மணத்தைப் பற்றி எவர் எடுத்துரைக்க வல்லார்? அரங்கமும் இருக்கட்டும், மூன்று நாள் முறையும் தொடரட்டும். தெருவில் நிற்போர் அரங்கில் அமர்வோரைப் போன்று அடங்கியிருக்கக் கற்றல் வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குப் பின்னர்க் கூட்டம் கலையத் தொடங்கும். முதல்வனுக்குப் பரிசளிப்பதைக் காண ஒரு பகுதியினர் மேடையை நோக்கி ஓடுவர். முதியவர் அங்குச் செல்வதில்லை. காளைகளை வீடு நோக்கி நடத்திச் செல்லும் பாதையில், தடுப்புக்கு வெளியே, ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். கயிற்றைப் பிடித்தவண்ணம் முகம் வாடி வரும் சிறுவன் ஒருவனை நிறுத்துவார். “தம்பி, மாடு பிடிபட்டுவிட்டதே என்று வருந்துகிறாயா? இரண்டாம் துள்ளலிலே இடப்புறமாக ஒரு திருப்புத் திரும்பியதே, அதனைக் கண்டாயா?” என்பார். “நான் வாடிவாசலுக்குப் பின்னே நின்றேன், தாத்தா, காணவில்லை” என்பான் அவன். முதியவர் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு, காளை எவ்வாறு திரும்பியது என்பதைத் தம் கைகளால் காட்டியவாறே அவனோடு நடக்கத் தொடங்குவார்.