கம்பெனி சுற்றுலா: போகலாமா, வேண்டாமா?

செராஸில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மாணவி இருக்கிறாள். டிப்ளோமா படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "அங்கிள், ஆபீஸ்ல எல்லாரும் சனி, ஞாயிறு கெந்திங் போறாங்க. என்னையும் கூப்பிடுறாங்க. அம்மா வேண்டாம்னு சொல்றாங்க. போகலன்னா தப்பா நினைப்பாங்களா?" என்று கேட்டாள்.

சின்னக் கேள்விதான். ஆனால் எஸ்பிஎம், எஸ்டிபிஎம், பல்கலைக்கழகம் என்று எதிலும் இதற்குப் பாடம் கிடையாது. விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறோம். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம். வேலை கிடைத்த பிறகு வரும் ஆண்டு விருந்து, குடும்ப தினம், வார இறுதிச் சுற்றுலா ஆகியவற்றில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் பேசுவதில்லை. குளிர் நாடுகளில் ஊழியர்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றாகப் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். நமக்குப் போர்ட்டிக்சன், லங்காவி, கெந்திங். இடம்தான் வேறு, கேள்வி ஒன்றுதான்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வேலையில் இதுபோன்ற ஓர் அழைப்பு எனக்கும் வந்தது. நிறுவனமே செலவை ஏற்றது. ஆனாலும் நான் போகவில்லை. கோயில் திருவிழா என்று காரணம் சொன்னேன். உண்மையில், இரண்டு நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயம். அடுத்த ஆண்டும் போகவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. பிறகு பக்கத்துப் பிரிவில் ஒரு பதவி காலியானபோது விண்ணப்பித்தேன். அந்தப் பிரிவின் மேலாளர் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டார். அதே மாடியில் நான் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. சுற்றுலாவுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பெயராவது அவருக்குத் தெரிந்திருக்கும். வேலையிடத்தில் திறமையைக் காட்டுவதற்கு முன், நாம் இருக்கிறோம் என்பது தெரிய வேண்டும். அது பல நேரங்களில் சாப்பாட்டு மேசையிலும் பேருந்து இருக்கையிலும்தான் தெரிகிறது. நம் பிள்ளைகளில் பலர் ஒதுங்கியே இருந்துவிடுகிறார்கள். அல்லது போகிற இடத்திலும் நம்மவர் நாலு பேரோடு மட்டும் நின்றுவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம்தான்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாமா? அதுவும் கூடாது. முதலாளி ஏற்பாடு செய்யும் பொழுதுபோக்கு எல்லாம் நமக்கு நல்லதாக இருந்ததில்லை. நம் தாத்தா பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அன்று ரப்பர் தோட்டங்களில் உழைத்து வாங்கிய கூலியில் ஒரு பங்கு மாலையில் கள்ளுக்கடைக்குப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வேலை நேரம் முடிந்த பிறகும் தங்களுக்கு மானம் உண்டு என்பதுதான் அவர்கள் சொன்னது.

இன்று அதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தருகிறது. 48 மணியாக இருந்த வார வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைந்தது. ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி, சட்டம் குறிப்பிடும் சில சூழல்களைத் தவிர, கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே "சுற்றுலாவுக்குக் கட்டாயம் வர வேண்டும்" என்று யாராவது சொன்னால், அது வேலையா, உல்லாசமா என்று பணிவாகக் கேட்கலாம். 2022இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. புகார்களை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயமும் அமைந்தது. மலை உச்சியில் விருந்து நடந்தாலும் மேலாளர் மேலாளர்தான். "ஜாலிக்குத்தானே" என்ற சொல் எந்த அத்துமீறலையும் மறைத்துவிடாது.

இது முதலாளி போடும் பிச்சையும் அல்ல. ஊழியரும் குடும்பத்தினரும் சேர்ந்து கலந்துகொள்ளும் ஆண்டு நிகழ்வை உள்நாட்டில் நடத்தினால், அந்தப் பயணச் செலவை நிறுவனம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: செலவு யாருடையது? யாரோடு அறையில் தங்க வேண்டும்? சைவச் சாப்பாடு உண்டா? இடையில் திரும்ப வேண்டுமானால் வாகனம் இருக்கிறதா? மது வேண்டாம் என்றால், ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு மைலோ கிளாஸைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: "போகாதே" என்பதற்கு முன் இந்தக் கேள்விகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கீழ்வீட்டு மாணவி இதையெல்லாம் மனிதவளப் பிரிவில் கேட்டாள். பதில்களை அம்மாவிடம் காட்டினாள். போய் வந்தாள். திங்கட்கிழமை இரவு படிக்கட்டில் பார்த்து, எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றாள். பிறகு சற்று யோசித்துச் சொன்னாள்:

"அங்கிள், ஆபீஸ் கூட்டிப் பெருக்குற ஆண்ட்டி வரல. ஜாகா அங்கிளும் வரல. கேட்டா, அவங்க கான்ட்ராக்ட்டாம், ஸ்டாஃப் இல்லையாம். நான் வந்து மூணு வாரம்தான் ஆகுது. ஆண்ட்டி அங்க எட்டு வருஷமா இருக்காங்க."

மாணவர்களே, இன்னும் பத்து ஆண்டுகளில் இந்தச் சுற்றுலாக்களுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதப் போகிறவர்கள் நீங்கள்தான். உங்களில் பலருடைய அம்மாவோ அப்பாவோ இன்று அந்த ஆண்ட்டியின் இடத்தில், அந்த ஜாகாவின் இடத்தில் இருக்கிறார்கள். பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.