மில்லுல வேலை பார்க்கிறவங்களுக்கு: சளியைப் பற்றி ஒரு த்ரெட்

வேடசந்தூர், வடமதுரை பக்கம் நூற்பாலைக்குப் போறவங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா இதை முழுசா படிங்க.

ஓபியில அடிக்கடி காதுல விழுற வரி: "நெஞ்சுல சளி கட்டி நிக்குது டாக்டர், மொத்தத்தையும் எடுத்து விடுங்க." மொத்தமா எடுத்துட்டா நீங்க பிழைக்க மாட்டீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

சளியில பெரும்பங்கு தண்ணிதான். அதை வழவழன்னு ஆக்குறது மியூசின்ங்கிற புரதம். நீளமான நூல், அதுல பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி சர்க்கரை இழைகள். அதுங்கதான் தண்ணியைப் பிடிச்சு வைக்குது. தூசியும் கிருமியும் இதுல ஒட்டிக்கும். மூச்சுக்குழாய்ல இருக்குற நுண்ணிய முடிகள் அதைத் தொண்டைக்குத் தள்ளும். நமக்கே தெரியாம விழுங்கிடுவோம். வயித்துல அமிலம் பார்த்துக்கும். அந்த அமிலம் இரைப்பையையே அரிச்சிடாம காக்குறதிலும் மியூசினுக்குப் பெரிய பங்கு.

எலிகள்ல 'எம்.யு.சி.5பி'ங்கிற ஒரே ஒரு மியூசினை இல்லாமப் பண்ணிப் பார்த்தாங்க. 2014ல வந்த ஆய்வு. நுரையீரல் தன்னைச் சுத்தம் பண்ணிக்க முடியாம, தொற்று முத்தி எலிகள் செத்தன.

சரி, மில்லுக்கு வருவோம். வருஷக்கணக்கா பஞ்சுத் தூசியை இழுத்தா மியூசின் சுரக்கிற செல்கள் பெருகும். முடிகளால தள்ள முடியாத அளவுக்குச் சளி சேரும். காவல்காரன் ஓவர்டைம் பார்க்கிறான், நாம அவனையே திருடன்னு அடிக்கிறோம்! குற்றவாளி தூசி. ப்ளோ ரூம், கார்டிங் செக்‌ஷன்ல அது ரொம்ப அதிகம்.

லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் நெஞ்சு இறுக்குதா? அடுத்தடுத்த நாள் கொஞ்சம் லேசாகுதா? அது பிசினோசிஸா இருக்கலாம். சட்டப்படி இது தொழில்சார் நோய். நிரூபணமானா உங்களுக்கு உரிமை இருக்கு. "சளி"ன்னு மட்டும் எழுதின சீட்டை வெச்சு அதைக் கேட்க முடியாது.

அதனால டாக்டர்கிட்ட எந்த செக்‌ஷன், எத்தனை வருஷம், எந்த நாள் அதிகம்னு நீங்களே சொல்லுங்க. சக டாக்டர்களுக்கும் ஒண்ணு: வரிசை வாசல் வரைக்கும் நிக்கும், தெரியும். "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்க அஞ்சு நொடி போதும்.

மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்குற சிரப் வேண்டாம். தூக்கம் வர்ற சில சிரப் சளியை வறள வெச்சு இன்னும் கெட்டியாக்கும். 2 வாரம் தாண்டின இருமலுக்கு டிபி இருக்கான்னு சளிப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில காசு கிடையாது. சளியில ரத்தம் தெரிஞ்சா 2 வாரமெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வாங்க.