எடுக்காத போனும் ஏறுகிற வட்டியும்

"பேங்க்காரன் போனை எடுக்காதே. சிம்மை மாத்து. மூணு மாசம் கத்திட்டு விட்டுடுவான்." கிரெடிட் கார்டு பாக்கியில் சிக்கியவனுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை இது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டு நடந்த குடும்பம் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

திருப்பூரில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பையன், தங்கை கல்யாணத்துக்குக் கார்டைத் தேய்த்தான். வேலை மாறிய சமயத்தில் இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. சிம்மை மாற்றினான், பிறகு வாடகை வீட்டையும் மாற்றினான். பேங்கின் கடிதங்களும் கோர்ட் சம்மனும் பழைய வீட்டுக்கே போயின. எதிராளி ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி அவன் ஆபீஸுக்கு உத்தரவு வந்தபோதுதான் அவனுக்கே விஷயம் தெரியும். "கேஸ் போட்டதே எனக்குத் தெரியாது மாமா" என்று வந்து நின்றான். சம்பளத்தில் முதல் ஆயிரத்தையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது, மிச்சத்தைப் பிடிக்கலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். 25,000 வாங்குகிறவனுக்கு அது மாதம் 8,000.

அந்த "மூணு மாசம்" எங்கிருந்து வந்தது? குறைந்தபட்சத் தொகையைக்கூட 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடனாகிறது. பிறகு பேங்க் அதைத் தன் ஏட்டிலிருந்து நீக்கவும் செய்யலாம். அது பேங்கின் உள்கணக்கு. நம் பத்திரிகைகள் அதற்கும் 'தள்ளுபடி' என்றே எழுதுகின்றன, விவசாயக் கடனை அரசு ரத்து செய்வதற்கும் 'தள்ளுபடி' என்றே எழுதுகின்றன. ஒரே சொல்லைப் பார்த்து, தன் கடனும் தீர்ந்தது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ஏட்டிலிருந்து நீக்கிய கடனையும் பேங்க் வசூலிக்கலாம், வழக்கும் போடலாம்.

மூன்று வருடம் தாண்டினால் கடன் செத்துவிடும் என்பவர்களும் உண்டு. 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டம், வழக்குப் போட பேங்குக்கு மூன்று வருடம் தருகிறது. அதற்குள் போட்டுத் தீர்ப்பு வாங்கிவிட்டால், நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. ஒளிந்திருப்பவன் எந்தக் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கிறான்?

இதற்கிடையில் வட்டி நிற்பதில்லை. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு 3,500. வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 630. வட்டிக்கு வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் சேர்க்காமலே ஆறு மாதத்தில் 24,780 ரூபாய்!

போனை எடுக்க ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. வசூல் ஏஜென்ட் பேசும் பேச்சைக் கேட்டால் கை நடுங்கும். போன் அடித்தாலே அதைத் தலையணைக்கு அடியில் தள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மிரட்டலைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. மீறினால் முதலில் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. ஆனால் விலாசத்தையே மறைத்தவன் என்னவென்று புகார் எழுதுவான்?

ஏஜென்ட்டை ஒதுக்குவது வேறு, பேங்கை ஒதுக்குவது வேறு. ஏஜென்ட்டிடம் "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். பேங்குக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: வேலை போனது எப்போது, இப்போது வருமானம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், புது விலாசமும் நம்பரும் என்ன. பாக்கியைத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். ஒரு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள்.