விரலுக்குத் தெரியும் சூடு



சென்ற மாதத் தபாலில் வந்த ஒரு கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. எழுதியவர் கோவையில் வேலை பார்க்கும் இளைஞர். ஊரில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறதாம். "ஐம்பது செம்மறி வாங்கிவிட்டால் என் சம்பளத்துக்கு ஈடாகுமா?" என்று கேட்டு, கணக்கும் போட்டு அனுப்பியிருந்தார். ஐம்பது தாய், ஐம்பது குட்டி, ஆறாம் மாதம் விற்பனை. பக்கம் முழுக்கக் கூட்டல்தான். கழித்தல் ஓரிடத்திலும் இல்லை. அவருக்கான பதிலை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மழைக்கு நடுவே மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டுக்குப் போயிருந்தேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். வெள்ளாமை கைவிடும் வருஷத்திலும் புல்லும் வேலங்காயும் ஆட்டைக் காப்பாற்றிவிடும் சீமை அது. அந்தக் காட்டுக்கார அம்மாவிடம் எட்டுத் தாய் ஆடுகள். எல்லாம் மேச்சேரி இனம். செந்நிறம், குட்டை மயிர், தோலுக்குப் பேர்போன ஆடு. இந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

விடிவதற்கு முன் ஓர் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. அம்மா பட்டிக்குள் போனார், ஆனால் தொடவில்லை. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். தாய் நக்க நக்க, மூத்தது தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. இளையது படுத்தே கிடந்தது. சற்றுப் பொறுத்து அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"வாய் சில்லுனு இருக்குதுங்க. இப்பப் பாக்காம உட்டா மத்தியானம் இருக்காது."

உலர்ந்த சாக்கால் குட்டியைத் துடைத்தார். மடியோடு அணைத்துச் சூடேற்றினார். பிறகு தாயின் காம்புகளைப் பீச்சி, நுனியில் அடைத்திருந்ததை எடுத்துவிட்டு, சீம்பாலைக் கரண்டியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விட்டார். தொப்புளில் அயோடின் வைத்தார். அரைமணி நேரத்தில் இளையதும் நாலு காலில் நின்றது. மறுபடி வாயில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குக் காப்பி போட எழுந்தார்.

அவர் செய்ததன் காரணத்தைக் கால்நடை மருத்துவர்கள் இப்படி விளக்குவார்கள். தாய் வயிற்றில் இருக்கும்போது செம்மறிக் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேர்வதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை அப்படியே ஈர்த்துக்கொள்ளும் வழி குட்டியின் குடலில் பிறந்தவுடன் திறந்திருக்கும். மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அடைந்துவிடும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர் சீம்பாலாவது வேண்டும். அதில் முதல் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். அப்போது தவறவிட்டதை அடுத்த வாரம் எந்த ஊசியாலும் ஈடுகட்ட முடியாது.

இதைச் சொல்லும்போது என் பத்து வயதுத் தப்பும் நினைவுக்கு வருகிறது. அம்மிச்சி வீட்டில் ஒரு மார்கழி இரவு குட்டி பிறந்தது. குளிருமே என்று யாருக்கும் தெரியாமல் அதைத் தூக்கிவந்து என் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். காலையில் கொண்டுபோய் விட்டால் தாய் முட்டித் தள்ளுகிறது! அழுதுகொண்டு நின்றேன். அம்மிச்சி திட்டவில்லை.

"கண்ணு, இப்ப உன்ற வாசந்தான் அதும்மேல இருக்குது. அவ வாசம் போயிருச்சு."

தாயைக் கட்டிப்போட்டு, அதன் பாலையே குட்டியின் முதுகில் தடவி, மூன்று நாள் போராடித்தான் சேர்த்துவைத்தார். குட்டியைக் கொஞ்சுவது வேறு, வளர்ப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது அந்த மூன்று நாளில்தான்.

மூலனூர் அம்மாவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது. எந்த ஆடு எப்போது ஈன்றது, குட்டி எத்தனை கிலோ, எப்போது குடற்புழு மருந்து என்று எல்லாம் அதில் உண்டு. போன வருஷம் எட்டு ஆட்டுக்கு ஒன்பது குட்டி, விற்றது எட்டு. ஒன்பதாவது எங்கே என்று கேட்டேன். துள்ளுமாரி. மழைக்கு முன்னால் போட வேண்டிய தடுப்பூசி தள்ளிப்போயிற்று. புதுப்புல்லை மூக்குமுட்ட மேய்ந்த குட்டி ஒரே இரவில் போய்விட்டது. பட்டியிலேயே கொழுத்த குட்டி அதுதான். துள்ளுமாரி அப்படித்தான், நோஞ்சானை விட்டுவிட்டுத் தேறிய குட்டியாகப் பார்த்து அடிக்கும்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி இருக்கிறது. ஒரு முறை போட்டால் ஏறக்குறைய மூன்று வருஷம் தாங்கும். மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிப்பது என்று உலக அமைப்புகள் குறி வைத்திருக்கின்றன. அந்தக் குறி எட்டுவதும் எட்டாததும் நம் பட்டிகளில் விழும் ஊசியைப் பொறுத்தது.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐம்பது வேண்டாம். ஐந்து சினை ஆடு வாங்குங்கள். அவை ஈனும் இரவுகளில் ஊரில் இருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் முன் வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பாருங்கள். புழுக்கையையும் வரவில் எழுதுங்கள். 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து தாய்க்கும் பிறந்த குட்டிகள் மூன்று மாதம் தாண்டி நின்றால் அடுத்த ஐந்துக்குப் போங்கள். உங்கள் கணக்கில் விட்டுப்போன கழித்தல் இதுதான்: லாபம் பிறந்த குட்டியில் இல்லை, பிழைத்த குட்டியில் இருக்கிறது.

மழைக்காலத்தில் குட்டிகளை எப்படிக் காக்கிறீர்கள்? சாக்கா, வைக்கோலா, அடுப்பங்கரையா? உங்கள் வீட்டு வழக்கத்தை எழுதி அனுப்புங்கள். வரும் இதழில் வெளியிடுகிறோம்.

நான் கிளம்பும்போது இரண்டு குட்டிகளும் மடிக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. எது இளையது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்