வாயுள்ள பிள்ளை மட்டும்தான் பிழைக்குமா?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் கிடையாது. அப்படியானால் வாயில்லாத பிள்ளை என்ன செய்யும்? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். பெயர் 'தி கோஸ்ட் கோஸ் வெஸ்ட்', அதாவது 'மேற்கே போகும் பேய்'. 1935-ல் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்து ரெனே கிளேர் இயக்கியது.

கதை இதுதான். ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கோட்டை. அதன் வாரிசு டொனால்டுக்குத் தலைக்கு மேல் கடன். கோட்டையில் 18-ம் நூற்றாண்டில் செத்துப்போன முன்னோர் மர்டாக் பேயாக உலாவுகிறார். இரண்டு வேடத்திலும் ராபர்ட் டோனாட். ஊரெல்லாம் மளிகைக் கடை நடத்தும் அமெரிக்கப் பணக்காரர் மார்ட்டின், மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காகக் கோட்டையை விலைக்கு வாங்கிவிடுகிறார். அதைக் கல் கல்லாகப் பிரித்து, கப்பலில் ஏற்றி, புளோரிடாவில் திரும்பக் கட்டுகிறார். கல்லோடு சேர்ந்து பேயும் கப்பலேறிவிடுகிறது!

வேறு யாராக இருந்தாலும் பேயைக் கண்டு ஓடுவார்கள். மார்ட்டினோ, "அடடா, இலவச விளம்பரம்!" என்று குதிக்காத குறைதான். நியூயார்க்கில் பேய்க்கு ஊர்வல வரவேற்பு! போட்டி வியாபாரி பிகலோவுக்கு வயிற்றெரிச்சல். எதையும் சரக்காக்கி, சத்தம் போட்டு விற்கும் அமெரிக்கப் பாணியைப் படம் கிழிகிழியென்று கிழிக்கிறது.

ஆனால் அமெரிக்கர்களை மட்டும் பார்த்துச் சிரிப்பது நியாயமா? இல்லை என்பதே என் கருத்து. கோர்டா ஹங்கேரிக்காரர். கிளேர் பிரெஞ்சுக்காரர். திரைக்கதை எழுதிய ராபர்ட் ஷெர்வுட்டும், மார்ட்டினாக நடித்த யூஜின் பாலெட்டும் அமெரிக்கர்கள். 1933-ல் கோர்டாவின் எட்டாம் ஹென்றி படம் அமெரிக்காவில் நன்றாக ஓடியது. அந்தச் சந்தை மேல் அவருக்குக் கண் இருந்தது. ஆக, விற்பனையைக் கேலி செய்த இந்தப் படமும் ஒரு சரக்குதானே!

இன்னொரு வேடிக்கை. படத்தில் நடந்தது 33 வருடம் கழித்து நிஜமாகவே நடந்தது. 1831-ல் திறந்த லண்டன் பாலம், வாகன பாரம் தாங்காமல் மெல்ல மெல்லப் புதைந்துகொண்டிருந்தது. அதை விற்கலாம் என்று யோசனை சொன்னவர் லண்டன் நகர மன்ற உறுப்பினர் ஐவன் லக்கின், அசல் ஆங்கிலேயர்! வெறும் கல்லை அல்ல, 2,000 வருட வரலாற்றையே வாங்குகிறீர்கள் என்ற தோரணையில் அமெரிக்கர்களிடம் பேசினார். பாலத்தின் வயதோ 137! 1968-ல் ராபர்ட் மெக்கல்லக் என்ற மரம் அறுக்கும் இயந்திரத் தயாரிப்பாளர் 24,60,000 டாலர் கொடுத்து வாங்கினார். அரிசோனா பாலைவனத்தில் அவர் உருவாக்கிய லேக் ஹவாசு நகரத்துக்கு மனை வாங்க ஆள் வரவேண்டுமே! பேச்சில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

சிவில் படிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாலம் வாய்ச்சவடாலால் எழும்பவில்லை. கற்களுக்கு நம்பர் போட்டுப் பிரித்தார்கள். அரிசோனாவில் உள்ளே ஆர்.சி.சி. கட்டுமானம், வெளியே பழைய கருங்கல். உலர்ந்த தரையில் பாலத்தைக் கட்டி முடித்து, அப்புறம் அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். 1971-ல் திறப்பு விழா. இன்றும் நிற்கிறது. நம்பர் போட்டவன் ஒரு கல்லில் தப்பு செய்திருந்தால் லக்கினின் பேச்சும் மெக்கல்லக்கின் டாலரும் என்ன ஆகியிருக்கும்?

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். இன்டர்வியூவில் தன்னைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. என்னைப் போல இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். நல்லா இங்கிலீஷ் பேசுகிறவனைப் பார்த்தால் நமக்கு ஒரு பயம், கொஞ்சம் பொறாமை, கூடவே "சும்மா பீலா விடுறான்" என்ற ஏளனம். அந்த ஏளனம் நமக்குச் சோறு போடாது. டொனால்டிடம் கோட்டை இருந்தது, அதை மதிப்பாக்கத் தெரியவில்லை. மார்ட்டினுக்கு மதிப்பாக்கத் தெரிந்தது, அதன் அருமை தெரியவில்லை. இரண்டு பேரையும் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

ஒர்க்‌ஷாப்பில் நாம் கற்ற வேலையை நாலு பேர் முன்னால் தடுமாறாமல் சொல்லப் பழகுவோம். ஹாஸ்டல் மொட்டைமாடியில் நண்பனை உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தால்கூடப் போதும். அது பீலா இல்லை, நம் உழைப்புக்கு நாம் கேட்கும் நியாயமான விலை. கையில் கல் இல்லாமல் பேசினால்தான் அது பீலா!

வாயுள்ள பிள்ளை பிழைக்கட்டும். கையில் வேலையும் உள்ள பிள்ளை நிலைக்கட்டும்!